மெர்டேக்கா அரங்கம்: ஒரு மேட்டு நிலத்தின் கதை

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் அரண்மனைகளையும் கோட்டைகளையும் கல்வெட்டுகளையும் நாடிச் செல்வது வழக்கம். மன்னர் முடிசூடிய நாளும், மாற்றாரை வென்ற நாளும், மாண்ட நாளும் ஆண்டுக் கிடைக்கும். ஆயின், அந்நாட்டு மக்கள் எந்நாளில் ஒருமித்து ஆரவாரித்தனர், எந்நாளில் ஒருமித்து நெஞ்சம் நொந்தனர் என்பதை அறிய வேண்டின், மக்கள் கூடிய இடத்திற்கன்றோ செல்லுதல் வேண்டும்? மலேசிய நாட்டில் அத்தகைய இடமொன்று கோலாலம்பூர் நகரின் நடுவே, பெட்டாலிங் மேட்டின்மேல் இருக்கிறது. மெர்டேக்கா அரங்கம் என்பது அதன் பெயர். மெர்டேக்கா என்னும் மலாய்ச் சொல்லுக்கு விடுதலை என்று பொருள்.

இவ்வரங்கத்தின் கதை பந்தாட்டத்தின் கதை மட்டுமன்று. ஒரு நாடு பிறந்த கதையும், அந்நாட்டில் நாம் எவ்விடத்தில் நின்றோம் என்னும் கதையும் இதனுள் அடங்கியுள்ளன. ஆதலின் நேயர்கள் சிறிது பொறுமையுடன் இதனைப் படித்தல் வேண்டும்.

பாடாங்கும் பந்தும்

மெர்டேக்கா அரங்கம் எழுவதற்கு முன்னர்க் கோலாலம்பூரில் பெரும் பந்தயங்கள் நடந்த இடம் சிலாங்கூர் கிளப்பின் எதிரேயுள்ள பாடாங்காகும். 1884ஆம் ஆண்டில் தோன்றிய அக்கிளப்பு பெரிதும் வெள்ளைத் துரைமாரின் இருப்பிடமாகவே விளங்கிற்று. உள்ளே நாற்காலி அவர்க்கு. வெளியே வெயிலும் மழையும் ஏனையோர்க்கு.

1921ஆம் ஆண்டில் ‘மலாயா’ என்னும் பெயர்கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அதிகாரிகள் கோப்பை ஒன்றை நன்கொடையாக அளித்தனர். அதுவே மலாயாக் கோப்பை எனப் பெயர் பெற்றுப் பின்னாளில் மலேசியாக் கோப்பையாயிற்று. அதன் முதல் இறுதி ஆட்டம் அந்தப் பாடாங்கிலேயே நடந்தது. சிங்கப்பூர் 2–1 என்னும் கணக்கில் சிலாங்கூரை வென்றது.

ஈண்டு ஒன்றைக் கருதுதல் வேண்டும். அப்போர்க்கப்பல் யார் பணத்தில் கட்டப்பட்டது? மலாய்க் கூட்டு மாநிலங்களின் கருவூலத்திலிருந்து, பிரிட்டிஷ் பேரரசுக்குக் காணிக்கையாகக் கொடுக்கப்பட்ட பணத்தில் கட்டப்பட்டது. அக்கருவூலத்தை நிரப்பியவை ஈயமும் ரப்பரும். ஈயத்தை அகழ்ந்தவன் சீனத் தொழிலாளி; ரப்பர்ப் பாலை வடித்தவன் பெரிதும் தமிழ்த் தொழிலாளி. ஆக, கோப்பையைத் தந்தவர் கப்பல் அதிகாரிகளேயெனினும், அக்கப்பலை மிதக்கவிட்ட செல்வத்துள் விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடிய நம் முன்னோரின் வியர்வையும் கலந்திருந்தது என்பதை மறத்தலாகாது.

தோட்டங்களிலோ பந்து வேறு வகையாக வளர்ந்தது. பால் வெட்டி முடிந்த பின்னேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும், லயத்திற்கும் பால் ஸ்டோருக்கும் இடையேயிருந்த வெளியில் இளைஞர் வெறுங்காலுடன் பந்தடித்தனர். அடுத்த தோட்டத்து அணி லாரியேறி வந்தால் அன்று திருவிழாவே. சாதியின் பேரால் லயத்திற்கு லயம் பிரித்து வைக்கப்பட்டிருந்த காலம் அது. குவளையைத் தொட்டால் தீட்டென்று கருதியவனும், தன் அணி தோற்கும் நேரத்தில், ‘பந்தை எனக்குக் கொடு’ என்று எவனையும் நோக்கிக் கூவினான். பந்து எவன் காலில் பட்டு வந்தது என்று அவன் கேட்கவில்லை. பகுத்தறிவாளர் நூறு மேடைகளில் உரைத்ததை ஒரு தோற்பந்து ஒரு மாலைப்பொழுதில் உணர்த்திற்று. ஆட்டம் முடிந்ததும் பலர் அதை மறந்தனர் என்பது நம் குறையேயன்றிப் பந்தின் குறையன்று.

மேடு அரங்கமான வகை

1955ஆம் ஆண்டு ஜூலையில் நடந்த பொதுத் தேர்தலில் கூட்டணிக் கட்சி 52 இடங்களுள் 51 இடங்களைக் கைப்பற்றியது. அதன் தலைவர் துங்கு அப்துல் ரஹ்மான் 1956ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டனில் பேச்சு நடத்தி, 1957 ஆகஸ்டு 31க்குள் விடுதலை என்னும் உறுதியுடன் திரும்பினார். இவர் பந்தாட்டத்தில் தீராக் காதல் உடையவர். 1951 முதல் மலாயாக் காற்பந்துச் சங்கத்தின் தலைவர். 1958 முதல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவராகவும் நெடுங்காலம் இருந்தார்.

விடுதலையை எங்கே முழங்குவது என்னும் வினா எழுந்தது. கிளப்பின் எதிரேயுள்ள பாடாங்கிலா? நூற்றாண்டின் முக்காற்பங்கு காலம் ஆளுவோர் விளையாடிய புல்தரையிலா? புதிய நாட்டிற்குப் புதிய இடம் வேண்டுமென்று துங்கு கருதினார். விக்டோரியாப் பள்ளிக்கு அருகிலிருந்த பெட்டாலிங் மேடு தெரிந்தெடுக்கப்பட்டது. 1956 செப்டம்பரில் மண் வெட்டப்பட்டது; 1957 ஆகஸ்டில் வேலை முடிந்தது. பதினொரு திங்களுக்குள் ஓர் அரங்கம்!

இதனை வகுத்தவர் பொதுமராமத்து இலாகாவைச் சேர்ந்த ஸ்டான்லி ஜூக்ஸ் என்பவர். காலமோ குறைவு, பெரும் எஃகுச் சட்டங்களைக் கடல் கடந்து வரவழைத்துப் பொருத்துவதற்கு வாய்ப்பில்லை. ஆதலின் கான்கிரீட்டுத் துண்டுகளை முன்னரே அச்சில் வார்த்து, அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் படிக்கட்டு இருக்கைகளை அமைத்தனர். வாயில்களின்மேல் மெல்லிய ஓடு போன்ற வளைந்த கான்கிரீட்டுக் கூரைகளை எழுப்பினர். இரவிலும் ஆட்டம் நடைபெறும் பொருட்டு, வார்த்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கி நான்கு விளக்குக் கோபுரங்களை நிறுத்தினர். அக்கோபுரங்களின் உயரம் அந்நாளில் வியந்து பேசப்பட்டது. ஏறத்தாழ 20,000 பேர் அமரக்கூடிய இவ்வரங்கத்தை 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் துங்கு திறந்து வைத்தார்.

ஏழு முழக்கம்

மறுநாட் காலை மழை பெய்தது. விழா சற்றுத் தாழ்த்தே தொடங்கிற்று. நனைந்த மக்கள் கலையவில்லை. பிரிட்டிஷ் அரசியின் சார்பில் வந்திருந்த குளோஸ்டர் கோமகன் விடுதலை ஆவணத்தைத் துங்குவின் கையில் கொடுத்தார். துங்கு விடுதலைப் பிரகடனத்தைப் படித்து, வலக்கையை உயர்த்தி, ‘மெர்டேக்கா’ என்று ஏழுமுறை முழங்கினார். ஒவ்வொரு முறையும் கூட்டம் எதிர்முழக்கம் செய்தது. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் சீக்கியரும் யூரேசியரும் ஒரே சொல்லை ஒரே மூச்சில் கூறிய நேரம் அது.

நிற்க. அம்முழக்கம் நம் லயங்களில் எவ்வாறு கேட்டது? இதனைக் கேட்காமல் இவ்வரங்கத்தின் வரலாற்றை எழுதுதல் அரை வரலாறேயாகும்.

புதிய அரசியற் சட்டத்தின்படி, 1957 ஆகஸ்டு 31ஆம் நாளிலோ அதன் பின்னரோ மலாயாவில் பிறந்த குழந்தை பிறப்பினாலேயே குடியுரிமை பெற்றது. முன்னரே குடியுரிமை பெற்றிராத தாயும் தந்தையுமோ, எத்தனை ஆண்டு வதிந்தோம் என்பதற்குச் சான்று காட்டி, மனுச் செய்து, அதனைப் பெறுதல் வேண்டியிருந்தது. துங்கு கையுயர்த்திய அதே நாளில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை இந்நாட்டுக் குடிமகன். அப்பிள்ளையை ஏந்தி நின்ற தந்தை மனுதாரன். 1962ஆம் ஆண்டில் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. அதன்பின் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது.

எழுத்தறிவு குன்றிய காரணத்தாலும், கங்காணியும் கிராணியும் சொன்னதே வேதமென்று இருந்த காரணத்தாலும், ‘காகிதத்தில் என்ன இருக்கிறது’ என்னும் அசட்டையாலும் மனுச் செய்யாமல் இருந்துவிட்டவர் பலர். அக்காகிதத்தின் விலை 1969ஆம் ஆண்டில் தெரிந்தது. குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறுதல் வேண்டுமென்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பல்லாயிரம் தொழிலாளர் தாம் வளர்த்த மரங்களை விட்டுக் கப்பலேறினர். விடுதலை முழக்கத்தில் தானும் குரல் சேர்த்தவன் நாகப்பட்டினத்திற்கோ சென்னைக்கோ சீட்டெடுத்த கொடுமையை என்னென்பது!

அக்காலத்திலேயே பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்படலாயின. 1960ஆம் ஆண்டில் வீ. தி. சம்பந்தன் தொழிலாளரிடம் திங்கள்தோறும் பத்து வெள்ளி திரட்டித் தோட்டங்களை வாங்கும் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். ‘நிலத்தில் உழைத்தால் போதாது, அந்நிலத்தில் பங்கும் வேண்டும்’ என்னும் உண்மையை அம்முயற்சி நம்மவர்க்குக் கற்பித்தது. இவ்வுண்மையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்க. கட்டுரையின் இறுதியில் இதற்கு மீண்டும் வருவோம்.

ஆசியா கூடிய களம்

விடுதலை விழாவை ஒட்டியே மெர்டேக்காப் போட்டி தொடங்கப்பட்டது. ஆசிய நாடுகளின் அணிகள் ஆண்டுதோறும் இங்குக் கூடின. 1957ஆம் ஆண்டின் முதற் போட்டியில் ஹாங்காங் வென்றது. 1958, 1959 ஆகிய ஈராண்டும் மலாயா வென்றது. 1960இல் தென்கொரியாவுடன் வெற்றியைப் பகிர்ந்துகொண்டது. 1959இலும் 1964இலும் இந்திய அணி இரண்டாம் இடம் பெற்றது. நேற்றுவரை பிறர் கொடிக்கீழ் இருந்த நாடுகள் தத்தம் கொடியுடன் வந்து, துப்பாக்கியின்றி ஒன்றோடொன்று பொருதிய காட்சியை இக்களம் கண்டது. 1963 செப்டம்பரில் மலேசியக் கூட்டரசின் பிறப்பையும் இவ்வரங்கமே கொண்டாடிற்று.

மலேசியாக் கோப்பையின் இறுதி ஆட்டங்களுக்கும் நெடுங்காலம் இதுவே இடம். 1977ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அணி இங்கே பினாங்கை 3–2 என்னும் கணக்கில் வென்று கோப்பையைக் கடலுக்கப்பால் கொண்டு சென்றது. அவ்வணிக்குத் தலைமை தாங்கியவர் சமது அல்லாப்பிச்சை. வளைந்து செல்லும் உதைக்குப் பெயர் பெற்ற இராஜகோபாலும் அக்காலத்துச் சிங்கப்பூர் வீரர். அரசியல் 1965இல் பிரித்த இரு நாடுகளைப் பந்து பின்னும் பல ஆண்டு ஒரே கோப்பையில் கட்டி வைத்திருந்தது.

1975ஆம் ஆண்டு இவ்வரங்கத்தின் பொன்னாண்டு எனலாம். உலக ஹாக்கிக் கோப்பைக்காக இருக்கைகள் முன்னரே பெருக்கப்பட்டிருந்தன. கோலாலம்பூரில் நடந்த அப்போட்டியின் அரையிறுதியில் மலேசியாவும் இந்தியாவும் எதிர்ப்பட்டன. மலேசிய அணியில் சிறீ சண்முகநாதனும் மகேந்திரனும் ஆடினர். நம்மவர் வீடுகளில் அன்று எழுந்த சங்கடத்தை எண்ணிப் பாருங்கள்! கப்பலில் வந்த பாட்டன் எந்த அணிக்குக் கைதட்டுவான்? இம்மண்ணில் பிறந்த பேரன் எந்த அணிக்குக் கைதட்டுவான்? மலேசியா முன்னணியில் நிற்க, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் இந்தியா சமன் செய்து, பின்னர் 3–2 என வென்றது. மார்ச்சு 15ஆம் நாள் மெர்டேக்கா அரங்கத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2–1 என வீழ்த்தியது. மலேசியா நான்காம் இடம் பெற்றது. தோல்வியில் பேரன் அழுதான் என்றால், அவ்வழுகையே அவன் எந்நாட்டவன் என்பதற்குச் சான்று. அதற்கு முத்திரைத்தாள் வேண்டுவதில்லை.

அவ்வாண்டு சிலாங்கூர் அணி, மொக்தார் டஹாரி போட்ட இரு கோல்களால் இலண்டன் மாநகரின் ஆர்சனல் அணியை இங்கே தோற்கடித்தது. ஜூலை முதல் நாள், குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி இதே அரங்கத்தில் ஜோ பக்னரை 15 சுற்றுகள் ஆடிப் புள்ளிக் கணக்கில் வென்றார். உலகெங்கும் அடிமைப்பட்டோரின் வழித்தோன்றல்கள் தம்மவனாக ஏற்றுக்கொண்ட அவ்வீரனை, ஒப்பந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகளும் இங்கே கண்ணாரக் கண்டனர்.

1980 ஏப்ரல்

ஆயினும், இவ்வரங்கத்தைப் பற்றி மலேசியர் இன்றும் பேசும் இரவு 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாளாகும். மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குச் செல்லும் உரிமைக்காக மலேசியாவும் தென்கொரியாவும் மோதின. மலேசிய அணியின் கோல் காவலர் ஆறுமுகம். நீண்ட கைகளையுடைய அவரை மக்கள் ‘ஸ்பைடர்மேன்’ என்றழைத்தனர். அவர்க்கு முன்னே காவல் நின்றவர் சோ சின் ஆன் என்னும் சீனரும், சந்தோக் சிங் என்னும் சீக்கியரும். முன்னணியில் ஹசான் சானியும் ஜேம்ஸ் வோங்கும் சபா மாநிலத்தவர். ஆட்டம் 1–1 என இழுபறியாக நின்றபோது, ஹசான் சானி தள்ளிய பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் செலுத்தினார். 2–1. அரங்கம் அதிர்ந்தது.

பின்னர் நிகழ்ந்ததென்ன? ஆப்கானிஸ்தானத்தில் சோவியத்துப் படை புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் அவ்விழாவைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. வென்ற அணி வீட்டில் இருக்க, ஈராக் அவ்விடத்திற் சென்றது. உழைத்துப் பெற்ற உரிமையின் பயனைத் துய்க்க இயலாமற் போன அவ்வீரர்களின் துயரம் நம் தோட்டத்து மக்களுக்கு எளிதில் விளங்கும். ஆறுமுகம் 1988 டிசம்பரில் கார் விபத்தொன்றில் தம் 35ஆம் வயதில் காலமானார். அவர் வழிபாட்டிற்குரிய தெய்வமல்லர். பயிற்சியினால் உயர்ந்த மனிதர். கைகள் நீண்டிருந்தமை இயற்கை. பந்து வரும் இடத்தை முன்னரே அறிந்து பாய்ந்தமை உழைப்பு. நம் பிள்ளைகட்குச் சொல்லவேண்டியது இந்த இரண்டாவது செய்தியே.

பழையதும் புதியதும்

1986ஆம் ஆண்டில் அரங்கம் மீண்டும் விரிக்கப்பட்டு ஏறத்தாழ 45,000 பேரைக் கொள்ளும் நிலையடைந்தது. ஆயினும் காலம் மாறிற்று. 1998ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுகளுக்காக நகருக்குத் தெற்கே புக்கிட் ஜாலிலில் புதிய தேசிய அரங்கம் எழுந்தது. பழைய அரங்கமோ தனியார் நிறுவனமொன்றின் கைக்குச் சென்றது. மேட்டு நிலத்தின் விலை வானளவு உயர்ந்திருந்தது. கடைகளும் மாடங்களும் கட்டி அந்நிலத்தைப் பணமாக்கத் திட்டமிட்டனர். விடுதலை முழங்கிய இடம் இடிபடும் நிலை வந்தது. 1997இல் ஆசியாவைத் தாக்கிய பணநெருக்கடி அத்திட்டத்தை நிறுத்தியது. பேராசையை நல்லறிவு தடுக்கவில்லை, பணமுடை தடுத்தது!

பின்னர் அரங்கம் தேசிய முதலீட்டு நிறுவனமான பிஎன்பியின் வசமாயிற்று. 2003இல் அது மரபுரிமைக் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. 2007இல், விடுதலையின் பொன்விழாவை முன்னிட்டு, பிற்காலத்தில் சேர்த்த இருக்கைகளை அகற்றி, 1957இல் இருந்த வடிவத்திற்கே அதனைத் திருப்பினர். இப்பணிக்கு 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. இன்று அதன் பக்கத்தில் 118 மாடிகளுடன் 678.9 மீட்டர் உயரமுள்ள கோபுரம் நிற்கிறது. 2024இல் திறக்கப்பட்ட அக்கோபுரத்தின் முடி, துங்கு கையுயர்த்திய தோற்றத்தை நினைவூட்டுவதாகும் என்பர்.

பழைய அரங்கம் காக்கப்பட்டது, மகிழ்ச்சி. ஆயின், புதிய அரங்கம் எழுந்த நிலம் எது? புக்கிட் ஜாலில் ஒரு ரப்பர்த் தோட்டம்! தலைமுறை தலைமுறையாகத் தமிழர் பால் வெட்டிய மண். 1980ஆம் ஆண்டளவில் அரசு அத்தோட்டத்தைக் கையகப்படுத்திற்று. அரங்கமும் நீச்சற்குளமும் பூங்காவும் அங்கே எழுந்தன. லயங்களில் எஞ்சியிருந்த 41 குடும்பங்கள், 2011ஆம் ஆண்டளவில், ‘எங்கள் உழைப்பிற்கு ஈடாக நான்கு ஏக்கர் நிலம் தருக, அதில் வீடு கட்டிக்கொள்வோம்’ என்று வேண்டிப் போராட நேர்ந்தது. எண்பதாயிரத்திற்கு மேற்பட்டோர் அமரும் அரங்கத்திற்கு இடமிருந்தது. அம்மண்ணைப் பண்படுத்திய 41 குடும்பங்கள் வாழ இடம் கேட்டு வாதாட வேண்டியிருந்தது.

இதனைக் கூறுவது அரங்கத்தின்மேல் பகைமை கொண்டன்று. நாட்டிற்குப் பெரிய அரங்கம் வேண்டும். அதில் நம் பிள்ளைகளும் ஆட வேண்டும். ஆயின், கல்லாலும் கான்கிரீட்டாலும் ஆன நினைவுச்சின்னத்தைக் காக்கத் தெரிந்த நாடு, அந்நிலத்தில் வாழ்ந்த மனிதரின் நினைவையும் காத்தல் வேண்டுமன்றோ? ஒன்றுக்கு விருது கிடைத்தது. மற்றொன்றுக்கு மனுவே கதியாயிற்று.

தோழர்களே! நாம் செய்யத் தக்கது யாது? தோட்டம் துண்டாடப்பட்டு நகரமாகும்போது கோயிலுக்கு இடம் கேட்கிறோம், அதற்காக வாதாடுகிறோம். பள்ளிக்கும், பள்ளியை ஒட்டிய திடலுக்கும் அதே உறுதியுடன் வாதாடினோமா? திடல் போனபின் பிள்ளைகள் மாலையில் எங்கே செல்வர்? கள்ளுக்கடையும் குண்டர் கூட்டமும் அவர்களை வரவேற்கக் காத்திருக்கின்றன என்பதை நாம் கண்கூடாகக் கண்டோம். பிறப்புச் சான்றிதழையும் குடியுரிமைத் தாளையும் பெட்டியின் அடியில் பத்திரமாக வைக்கக் கற்றுக்கொள்ள நமக்கு 1969 வேண்டியிருந்தது. திடலின் அருமையை அறிய மற்றோர் அடி வேண்டுமா?

கோலாலம்பூருக்குச் செல்லும் நேயர்கள் வானளாவிய கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நில்லாமல், அதனருகே தாழ்ந்து கிடக்கும் பழைய அரங்கத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். துங்கு நின்ற இடம் இது, ஆறுமுகம் பாய்ந்த இடம் இது என்று சொல்லுங்கள். அதன்பின், புக்கிட் ஜாலிலுக்கும் அழைத்துச் சென்று, உன் பாட்டனைப் போன்றோர் பால் வெட்டிய இடம் இது என்றும் சொல்லுங்கள். இரண்டையும் கேட்டு வளரும் பிள்ளை, இந்நாட்டில் எவரிடமும் தலை குனிந்து நிற்கமாட்டான்.